கூண்டில் நிற்க வேண்டியவர் யார்? – ‘பஞ்சமர்’ நாவலை வெல்லாவெளியிலிருந்து மீள வாசித்தல்

வெல்லாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். காலையில் எழுவான்கரையில் பஸ் எடுத்து, குருமண்வெளித் துறையில் பாதை ஏறி, மண்டூரில் இறங்கி, அங்கிருந்து மறுபடியும் பஸ். பத்து வருடத்துக்கு மேலாக இதுதான் என் பயணம். எங்கள் வாப்பாமாரின் காலத்தில் படுவான்கரை என்றால் வயலும் மாடும். யுத்த காலத்தில் அதே கரை பயத்தின் பெயராகிப்போனது. இப்போது அது எனக்குப் பிள்ளைகளின் முகங்கள்.

கடந்த தவணையில் ஈழத்து நாவல் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கே. டானியலின் ‘பஞ்சமர்’ பேச்சுக்கு வந்தது. என்னிடமிருந்த பழைய பிரதியைப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் மாறி மாறி வாசித்தார்கள். வாசித்துவிட்டு வந்து கதைத்தார்கள். “யாழ்ப்பாணத்துல கோயிலுக்குள்ளயே விடயில்லையா டீச்சர்?” என்று ஒரு பொடியன் நம்ப முடியாமல் கேட்டான். முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை வேறொன்று கேட்டாள்:

“டீச்சர், உங்கட ஆக்களுக்குள்ள இந்தச் சாதி கீதி ஒண்டும் இல்லத்தானே?”

குத்திக் காட்டுகிற கேள்வி அல்ல அது. ஓரிடத்திலாவது இது இல்லாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை அவளுடைய குரலில் இருந்தது. “இல்ல மகள், எங்கட மார்க்கத்துல அது இல்ல” என்று சொன்னேன். வகுப்பும் முடிந்தது.

அன்று பின்னேரம் பாதையில் நிற்கும்போதுதான் என் பதிலில் இருந்த பிழை விளங்கியது. பிள்ளை கேட்டது ஆக்களைப் பற்றி. நான் சொன்னது மார்க்கத்தைப் பற்றி. தமிழ் படித்தவளுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் வாயில் வந்ததல்ல. தெரிந்தே வந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் திருத்துவதற்கான முயற்சி. அதற்கு முதலில் ‘பஞ்சமர்’ நாவலையும் அந்த நாவலின் பின்னணியில் நிற்கும் சட்டத்தையும் மீண்டும் வாசிக்க வேண்டியிருந்தது.

சட்டம் செய்த வேலை

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசாங்கத்தின் காலத்தில் நிறைவேறியது. சாதியைக் காரணமாக வைத்து ஒருவர் மீது இன்னொருவர் தடை விதிப்பது குற்றம் என்று அது சொன்னது. பாடசாலை, பொதுக் கிணறு, பொது வாகனம், தேநீர்க்கடை, சந்தை, மயானம், வழிபாட்டிடம் என்று தடை விதிக்கப்படும் இடங்களை அது எண்ணிக் காட்டியது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புகள் நெடுங்காலம் கேட்டுநின்றதன் பலன் இது.

சட்டம் வந்ததும் கதவுகள் திறந்துவிடவில்லை. ஏறத்தாழ ஒரு தசாப்த காலம் அது பெரும்பாலும் தாளிலேயே இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலமும், அதன் மீது பொலிஸார் நடத்திய தாக்குதலும், அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும் வந்த பிறகுதான் தேநீர்க்கடைகளின் முன்னாலும் கோயில் வாசல்களிலும் ஆட்கள் திரண்டார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தது. உள்ளே விடமாட்டோம் என்று நின்றவர்களின் முன்னணியில் இருந்தவர் சி. சுந்தரலிங்கம். அவர் கணிதப் பேராசிரியராக இருந்தவர். சுதந்திரத்தை ஒட்டிய அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்தவர். படிப்பு சாதியைக் கரைத்துவிடும் என்று நாங்கள் வகுப்பறைகளில் சொல்லும் ஆறுதலுக்கு அவர் ஒரு பதில்.

அந்தச் சுந்தரலிங்கத்தின் மீது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அவருடைய மேன்முறையீடு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. 1971இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது.

இந்த வரலாற்றை இடதுசாரி விமர்சகர்கள் வழக்கமாக ஒரு மாதிரி வாசிப்பார்கள். சட்டம் ஒன்றும் கிழிக்கவில்லை, போராட்டம்தான் எல்லாம் செய்தது என்பது அவர்களுடைய முடிவு. வளாகத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். இப்போது எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. 1957க்கு முன்னர் கோயிலுக்குள் நுழைய முயன்றவன் குழப்பக்காரன். வழக்கத்தை மீறியவன் அவன்தான், விளக்கம் சொல்ல வேண்டியவனும் அவன்தான். 1957க்குப் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியவர் வாசலை மறித்தவர். கதவு பூட்டியே கிடந்தாலும், யார் யாரிடம் கணக்குக் கேட்பது என்பது மாறிவிட்டது. ஒரு பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தன் சாதிப் பெருமையை நியாயப்படுத்த நீதிமன்றப் படிகளில் ஏற வேண்டி வந்தது இதனால்தான். மனதைச் சட்டம் மாற்றவில்லை. கூண்டில் ஆளை மாற்றியது. அது சின்ன வேலை அல்ல.

இங்கே தமிழ் ஆசிரியை என்ற முறையில் ஒரு குறை சொல்லவும் வேண்டும். சட்டத்தின் உள்ளடக்கம் தடை ‘விதிப்பவரை’ பற்றியது. ஆனால் ‘சமூகக் குறைபாடு’ என்று தமிழில் வாசிக்கும்போது குறை ஏதோ பாதிக்கப்பட்டவனிடம் இருப்பது போல ஒலிக்கிறது. கண் குறைபாடு, காது குறைபாடு என்கிற மாதிரி. சட்டம் கூண்டில் ஏற்றியவரைச் சட்டத்தின் தமிழ்ப் பெயர் மெல்ல இறக்கிவிட்டுவிடுகிறது. பெயர் வைத்தவர்கள் நினைத்துச் செய்ததாக நான் சொல்லவில்லை. மொழி எங்கள் பழக்கத்தின் பக்கமே சாயும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

‘பஞ்சமர்’ காட்டியதும் காட்டாததும்

‘பஞ்சமர்’ 1972இல் வந்தது. வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து சாதியினரையும் ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்து அதையே தலைப்பாக வைத்தார் டானியல். அவர் வெளியிலிருந்து பார்த்து எழுதியவர் அல்ல. வெகுசன இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். தேநீர்க்கடைப் போராட்டமும் கோயில் பிரவேசமும் அவருக்கு வாசித்தறிந்த விடயங்கள் அல்ல.

சட்டம் ‘சாதி’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். அதற்கு அதற்குமேல் போக முடியாது. நாவல் அந்தச் சொல்லைப் பிரித்து எந்த வேலி, எந்தக் கிணறு, யாருடைய முற்றம், எந்தப் பாத்திரம், என்ன விளிப்பு என்று காட்டுகிறது. ஒருவரை ஒருவர் கூப்பிடும் முறையிலேயே முழு அதிகாரத்தையும் கேட்க வைத்துவிடுகிற யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழ்தான் நாவலின் பெரும்பலம். வெல்லாவெளிப் பிள்ளைகளுக்கு அந்தத் தமிழ் சில இடங்களில் விளங்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் ஒருவன் கூசிப்போகிறான் என்பது ஒரு இடத்திலும் விளங்காமல் போகவில்லை.

டானியல் சட்டத்தை நம்பியவர் அல்ல. சீனச் சார்புப் பொதுவுடைமைக் கட்சியின் அரசியல் அவருடையது. அவருடைய கதைகளில் பொலிஸ் என்பது பெரும்பாலும் காணிக்காரரின் கைத்தடி. அன்றைய நிலைமைக்கு அது பொய்யான சித்திரம் அல்ல. ஆனால் கலையாகப் பார்க்கும்போது ஒரு இழப்பு இருக்கிறது. ‘பஞ்சமர்’ நாவலின் மேல்சாதிப் பாத்திரங்கள் பெரும்பாலும் கொடுமையின் உருவங்கள். அவர்கள் வீட்டுக்குள் என்ன பேசினார்கள், எந்த இடத்தில் தங்களுக்கே கூசியது, அந்தக் கூச்சத்தை எப்படி விழுங்கினார்கள் என்பதற்குள் நாவல் அதிகம் போகவில்லை. முக்கியமான இடங்களில் பாத்திரங்கள் பேச வேண்டியதை ஆசிரியரின் அரசியல் பேசிவிடுகிறது என்ற பழைய விமர்சனமும் இதோடு சேர்ந்ததே.

இதன் விளைவு வாசகரிடம்தான் தெரியும். கொடுமைக்காரன் முழுக் கொடுமைக்காரனாக இருந்தால், வாசிப்பவர் தன்னை அவனில் காணமாட்டார். நான் காணவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

டானியலோடு சேர்த்து நினைக்க வேண்டியவர் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் முடி வெட்டிய கைகளால்தான் அவர் ‘தண்ணீரும் கண்ணீரும்’ கதைகளை எழுதினார். 1960இல் வந்த அந்தத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடத்தினார். தன் தொழிலை அவர் எங்கும் ஒளித்ததில்லை. கிழக்கின் முஸ்லிம் எழுத்தாளர்கள் பலருக்கு ‘மல்லிகை’ ஒரு வீடாக இருந்தது. ஜீவா எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் எங்கள் எழுத்தாளர்கள் அவரோடு ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிட்டிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் சங்கடம் வேறு. அதே கத்தரிக்கோலைப் பிடித்த எங்கள் ஊர் ஒஸ்தாவை நாங்கள் எங்கே இருத்திச் சோறு வைத்தோம்?

திறந்திருக்கும் கதவு

அதற்குப் போகும் முன், கோயிலுக்குள் விடவில்லையா என்று கேட்ட அந்தப் பொடியனின் வியப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் சாதி யாழ்ப்பாணத்தைப் போல் பூட்டிய கதவாக நின்றது குறைவு. இங்கே கோயில் உரிமை குடிவழியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வண்ணக்கர் எந்தக் குடி, எந்த நாள் திருவிழா யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, வெள்ளை விரிப்பவர் யார், பறை அடிப்பவர் யார் என்று எல்லாருக்கும் ஓர் இடம் இருக்கும். ஒருவரும் வெளியே இல்லை. ஆனால் ஒருவருடைய இடம் மற்றவருடைய இடம் ஆகாது.

இந்தக் குடிமுறை தமிழருக்கு மட்டும் உரியதல்ல. தாய்வழியாக வரும் குடி எங்களிடமும் உண்டு. பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் என்ற நிருவாகம் எங்கள் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. சீதன வீடு, பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை போவது, குடி பார்த்துக் கலியாணம் பேசுவது என்று எழுவான்கரையும் படுவான்கரையும் பங்கிட்டுக்கொண்ட வாழ்க்கை இது. பங்கிட்டதில் நல்லதும் இருக்கிறது, மற்றதும் இருக்கிறது.

சட்டத்துக்கு இங்கே ஒரு சிக்கல் வருகிறது. பூட்டிய கதவைச் சட்டம் பிடிக்கும். மறித்தது யார், மறிக்கப்பட்டது யார், எந்தத் திகதி, எத்தனை மணி என்று முறைப்பாடு எழுதலாம். திறந்த கதவுக்குள் இடம் குறித்து வைத்திருந்தால் என்ன முறைப்பாடு எழுதுவது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சாதி, மதம், மொழி, பால் முதலியவற்றால் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. கடைகள், உணவகங்கள், தன் மதத்தின் வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குள் நுழைவதற்குத் தடை கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றத்துக்குப் போவதானால் மீறியது அரச நிருவாகமாக இருக்க வேண்டும். அயல்வீட்டாருக்கு எதிராக அந்தப் படியேற முடியாது. அயல்வீட்டாருக்கு எதிராக இருப்பது அந்த 1957ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதுவும் இடங்களைப் பற்றியது. மனிதர் ஒருவரை ஒருவர் எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை அது அளக்காது.

எங்கள் வீடு

ஒஸ்தா மாமா எங்கள் வீட்டுக்கு வராத நல்ல காரியம் இல்லை. பிள்ளைக்கு முடி இறக்குவது அவர். சுன்னத்து வைப்பது அவர். அவருடைய மனைவி ஒஸ்தா மாமிதான் என் உம்மாவுக்குப் பிரசவம் பார்த்தார். என்னை இந்த உலகத்தில் முதலில் தொட்ட கை அவருடையது. ‘மாமா’, ‘மாமி’ என்ற உறவுச்சொல்லோடுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் டானியல் காட்டிய இழிவான விளிப்பு எங்களிடம் இருக்கவில்லை.

என் தம்பியின் சுன்னத்துக் கலியாணம் நினைவில் இருக்கிறது. பந்தலுக்குள் ஆறு பேருக்கு ஒரு சஹன் என்று சாப்பாடு. ஊர்ப் பெரியவரும் கூலிக்காரரும் ஒரே தட்டில் கைவைக்கும் அழகு எங்கள் சமூகத்தின் பெருமை. ஒஸ்தா மாமாவுக்கு மட்டும் பின் திண்ணையில் தனித்தட்டு. யாரும் அவரைப் பந்தலுக்கு வர வேண்டாம் என்று சொல்லவில்லை. “அவருக்கு அவசரமாப் போகணும்” என்று மூத்தம்மா சொன்னா. அவருக்கு அப்படி ஒரு அவசரமும் இருக்கவில்லை. சாப்பிட்டு முடிந்து வெகுநேரம் திண்ணையிலேயே இருந்தார்.

அவர்களுடைய மகள் என் வகுப்பில் படித்தாள். என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி. நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்தோம், ஒரே குடையில் வீட்டுக்கு வந்தோம். 1999இல் எங்கள் காக்கா அவளைக் கலியாணம் முடிக்க விரும்பினார். வீட்டில் ஒருவரும் சத்தம் போடவில்லை. உம்மா சொன்னது இதுதான்: “நல்ல புள்ளதான். தொழுகையுள்ள புள்ள. ஆனா நாளைக்கு ஆக்களுக்கு முகம் குடுக்கிறது எப்பிடி?” வாப்பா ஒன்றும் பேசாமல் பள்ளிக்குப் போய்விட்டார். ஒரு மாதத்தில் காக்காவுக்கு வேறு இடத்தில் பேச்சு முடிந்தது. அவள் வீட்டிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. கேட்க மாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரிந்திருந்தது.

நான் அப்போது பேராதனையில் சிறப்புத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். ‘பஞ்சமர்’ பற்றிய ஒப்படை எழுதுவதற்காக நாவலும் குறிப்புகளும் என் மேசையில் இருந்தன. பக்கத்து அறையில் இந்தப் பேச்சு நடந்தது. கேட்டுக்கொண்டே எழுதினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒப்படைக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

எங்கள் வீட்டில் எந்தச் சட்டம் மீறப்பட்டது? ஒன்றும் இல்லை. பள்ளிவாசல் அவர்களுக்குத் திறந்தே இருந்தது. ஸப்பில் ஒஸ்தா மாமாவின் தோளும் மரைக்காயரின் தோளும் ஒட்டியே நின்றன. அது வெறும் தோற்றம் என்று நான் சொல்லமாட்டேன். உலகத்தில் பல மதங்களுக்கு வாய்க்காத சமத்துவம் அது. ஸலாம் கொடுத்து எழுந்த பிறகுதான் மற்றது தொடங்கும். மணமக்களைத் தெரிவு செய்வதில் எந்தச் சட்டமும் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. யாரும் யாரையும் நீதிமன்றக் கட்டளையால் மருமகளாக்க முடியாது.

ஆனாலும் சட்டத்துக்கு வேலையே இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பள்ளிவாசல்களின் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் வக்பு சபையின் மேற்பார்வைக்கு உட்பட்டவர்கள். ஜமாஅத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவில் சம வாக்கு இருக்கிறதா, குடிப் பிரதிநிதித்துவம் என்ற பெயரில் யாராவது எப்போதும் வெளியே நிற்கிறார்களா என்று கேட்க இடமிருக்கிறது. கேட்க யாராவது வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பதற்கு முன்னால் ஒரு சுவர் இருக்கிறது. ஒஸ்தா வீட்டுப் பிள்ளை ஒருவர் எங்கேயாவது போய் “சாதியின் காரணமாக என்னை ஒதுக்கினார்கள்” என்று சொன்னால், ஊர் முழுக்க ஒரே குரலில் “எங்கட மார்க்கத்துல சாதி இல்ல” என்று பதில் சொல்லும். நான் வகுப்பில் சொன்ன அதே வசனம். இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் அரபிக்கும் அரபியல்லாதவருக்கும் இடையே உயர்வு தாழ்வு இல்லை, தக்வா ஒன்றே அளவு என்று நபிகளார் சொன்னது எங்களைத் திருத்துவதற்கு. அதையே நாங்கள் முறைப்பாடு செய்பவரின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறோம். இந்தியாவில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டும் கணக்கெடுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இன்றும் வெளியே. அதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று, அந்த மதங்களில் சாதி இல்லை என்பது. கொள்கையில் இல்லாத நோய்க்கு மருந்து எழுத முடியாது என்று வைத்தியர் சொல்வதைப் போல இருக்கிறது.

வெளியே கேட்ட நீதி

இதையெல்லாம் இப்போது ஏன் எழுத வேண்டும், ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருக்கும் சமூகத்தின் அழுக்கை வெளியே காட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடந்த சில வருடங்களில் எங்கள் மீது வந்தவற்றை நான் மறக்கவில்லை. 2018இல் திருகோணமலையில் ஆசிரியைகள் அபாயா அணிந்து பாடசாலைக்கு வருவது பிரச்சினையாக்கப்பட்டது. அபாயாவோடு படுவான்கரைக்குப் பாதை ஏறும் எனக்கு அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று சொல்லத் தேவையில்லை. என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியைகள் அந்த வாரம் என்னோடு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கதைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வந்த வர்த்தமானி கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்க டிசம்பர் 1ஆம் திகதி உயர்நீதிமன்றம் அனுமதி மறுத்தது. அரசியலமைப்பில் சமத்துவம் அழகாக எழுதப்பட்டிருந்தது. அந்த எழுத்து ஒரு குழந்தையின் ஜனாஸாவைக்கூடக் காப்பாற்றவில்லை. பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் முஸ்லிமல்லாதவர்களும் இருந்தார்கள். வெளிநாடுகளிலிருந்தும் குரல் எழுந்தது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்க அனுமதி வந்தது. மார்ச்சில் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின.

அந்த மாதங்களில் நாங்கள் எல்லோரும் ஒன்றைத் தெரிந்துகொண்டோம். சட்டம் தன் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தும் கைவிடப்படுவது எப்படி இருக்கும், அப்போது அயலவர் ஒருவர் வாய் திறந்தால் அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை. அந்த அனுபவம் உள்ள சமூகம், பின் திண்ணையில் தனித்தட்டோடு ஒருவரை இருத்திவைத்துவிட்டு “அவருக்கு அவசரம்” என்று சொல்லக்கூடாது. மற்றவர்களிடம் நாங்கள் கேட்கும் 12ஆம் உறுப்புரை எங்கள் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படும் பொருளாக இருக்க முடியாது.

எழுதப்படாத வீடு

ஈழத்து முஸ்லிம் புனைகதை வறுமையை எழுதியிருக்கிறது. சீதனக் கொடுமையை எழுதியிருக்கிறது. முதலாளிமாரின் போலிப் பக்தியையும் தலாக் சொல்லப்பட்ட பெண்ணின் கண்ணீரையும் யுத்தத்தையும் வெளியேற்றத்தையும் எழுதியிருக்கிறது. நான் வாசித்தவற்றில் ஒஸ்தா வருகிற இடமெல்லாம் சுன்னத்து வீட்டுக் காட்சியின் ஓரம். கத்தியை எடுப்பார், ஒரு பகிடி விடுவார், காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கதை அவர் பின்னால் போவதில்லை. தமிழ்நாட்டில் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ முஸ்லிம் ஊருக்குள் இருந்த மேல் கீழை 1988இலேயே பேசியது. கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’ அதை இன்னும் வெளிப்படையாகப் பேசியது. எங்கள் பக்கத்தில் அந்தக் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது.

அப்படியானால் எங்களுக்கும் ஒரு ‘பஞ்சமர்’ வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையை முடிக்க இருந்தேன். அதற்கு முன் என் வகுப்புத் தோழிக்குக் கோல் எடுத்தேன். அவள் இப்போது வேறு மாவட்டம் ஒன்றில் உத்தியோகத்தர். பிள்ளைகள் படிக்கிறார்கள். இருபத்தைந்து வருடத்தில் நாங்கள் அந்த விடயத்தை ஒருநாளும் பேசியதில்லை. நான் எழுதப்போவதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்:

“நீங்க எழுதினா உங்களுக்கு ஒரு கட்டுரை. எங்களுக்கு அது பேராப் போகும். என்ட புள்ளைகளுக்கு அந்தப் பேரு தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.”

எனக்குப் பதில் இல்லை. சுன்னத்து இப்போது டாக்டர்மாரின் வேலை. சலூன் யாரும் போடலாம் என்ற தொழில். ஒஸ்தாமாரின் பிள்ளைகள் பலர் தொழிலை விட்டு ஊரையும் விட்டுப் போய்விட்டார்கள். மறக்கப்படுவதுதான் விடுதலை என்று அவர்கள் நினைத்தால் அதைப் பறிக்க எனக்கு என்ன உரிமை? அதனால் அவளுடைய பெயரோ, ஊரோ, உத்தியோகமோ இங்கே இல்லை. இந்த வரிகளை அவளுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் அனுப்புகிறேன். “உங்கட வீட்டைப் பத்தி எழுதினா எழுதுங்க” என்றாள்.

அந்த வசனம் எனக்கு ஒரு இலக்கியப் பாடமாகவே பட்டது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் சரியாகச் செய்த ஒன்று, தடுத்தவரைக் கூண்டில் ஏற்றியது. டானியல் தன் காலத்தின் தேவைக்கு ஒடுக்கப்பட்டவர்களின் பெயரைத் தலைப்பாக வைத்தார். அவர்களில் ஒருவராக நின்று அதைச் செய்தார். அந்த உரிமை எனக்கில்லை. ஒஸ்தா வீட்டின் துயரத்தை ஒஸ்தா வீட்டுப் பிள்ளை எழுத விரும்பினால் எழுதட்டும், நாங்கள் வாசிப்போம். எங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டியது அந்தக் கலியாணத்தைச் சத்தமில்லாமல் தட்டிவிட்ட வீட்டின் கதை. உம்மாவின் கதை, பள்ளிக்கு எழுந்து போன வாப்பாவின் கதை, பக்கத்து அறையில் ஒப்படை எழுதிய மகளின் கதை. அவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். என் உம்மாவைப் போல ஈகைக் குணமுள்ள பெண்ணை நான் கண்டதில்லை. அந்த நல்ல மனிசிக்குள் ஆக்களுக்கு முகம் கொடுக்கும் பயம் எப்படிக் குடிபுகுந்தது என்று எழுதினால், வாசிப்பவருக்குத் தப்பிப்பதற்கு ஒரு வில்லன் கிடைக்கமாட்டான். ‘பஞ்சமர்’ விட்ட இடம் அது. சட்டம் நுழைய முடியாத அறையும் அதுதான்.

போன கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளையிடம் என் பதிலைத் திருத்திச் சொன்னேன். “மகள், அண்டைக்கு நீங்க கேட்டதுக்கு நான் சரியாச் சொல்லயில்ல. மார்க்கத்துல இல்ல. ஆனா ஊருல இருந்திச்சு. எங்கட வீட்டுலயும் இருந்திச்சு.” சஹனைப் பற்றியும் பின் திண்ணையைப் பற்றியும் சொன்னேன்.

வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு அவள் மெல்லச் சொன்னாள், “எங்கட வீட்டுலயும் ஒரு தனிக்கோப்ப இருக்கு டீச்சர். வயலுக்கு வாற ஆக்களுக்கு.” அவளுக்குப் பின்னால் இருந்த இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த இருவரும் எந்தக் காரணத்துக்காகக் குனிந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பாட நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எல்லோரையும் கொப்பியை எடுக்கச் சொன்னேன்.